"கொஞ்சம் பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி": குற்றாலச் சீசனில் ஏர்பிஎன்பி எவ்வளவு கைகொடுக்கிறது?

குற்றாலத்தைச் சுற்றியுள்ள இலஞ்சி, வல்லம், பிரானூர், செங்கோட்டை ஊர்களில் பூர்விக வீட்டைப் பூட்டிப் போடுவதைவிட நாள் வாடகைக்கு விடுவதே மேல் என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் இணையத்தளமான ஏர்பிஎன்பியில் சேரலாமா என்று அவர்கள் விசாரிக்கும்போது, எவ்வளவு பணம் வரும் என்பதற்கு அடுத்தபடியாகக் கேட்பது, வருகிறவர்கள் வைக்கும் கோரிக்கைக்கெல்லாம் பதில் சொல்ல அந்தத் தளத்தில் வழி உண்டா என்பதைத்தான். இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை அதன் வழியாக விட்டுவருகிறவன் என்ற முறையில், அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விருந்தினர் பணம் கட்டுவதற்கு முன்னால் எழுத்தில் கேட்கும் எதற்கும் இந்தத் தளம் நல்ல துணை. பணம் கட்டிய பிறகு கேட்பதற்குச் சுமாரான துணை. வண்டி வாசலில் வந்து நின்றபின் கேட்பதற்கு அது ஏறக்குறைய துணையே இல்லை. அங்கே வீட்டுக்காரரும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் தங்கள் சாமர்த்தியத்தில்தான் சமாளிக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டு, நடக்கப்போகும் வாக்குவாதங்களை எல்லாம் முன்கூட்டியே எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறவருக்கு ஏர்பிஎன்பி மிகவும் ஏற்ற சேவை என்பது என் கருத்து.

குற்றாலத்தில் வீடு விடுகிறவருக்கு வரும் முதல் தொல்லை தலைக்கணக்கு. ஆறு பேர் என்று பதிவு செய்துவிட்டு டெம்போ டிராவலரில் பதினோரு பேர் வந்து இறங்குவது இங்கே அதிசயமே இல்லை. "எல்லாம் நம்ம குடும்பந்தான் அண்ணாச்சி, கீழ பாய விரிச்சுப் படுத்துக்கிடுதோம், உங்களுக்கு என்ன நட்டம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும்போது, படுக்க இடம் போதுமா என்பது இங்கே பிரச்சினையே இல்லை என்று எப்படி விளக்குவது? அருவியில் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்துவிட்டு வரும் பதினோரு பேரின் ஈரத்துணியைக் காயப்போட ஆறு பேருக்கான வீட்டில் கொடி கிடையாது. சாரல் காலத்தில் காயவும் செய்யாது. ஜில்லென்ற அருவித் தண்ணீரைத் தேடி நூறு மைல் தாண்டி வந்தவர்கள், வீட்டுக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு வாளி சுடுதண்ணீர் கேட்பார்கள். காற்று பலமாக அடிக்கிற ஆடி மாதத்தில் மின்சாரம் போனால், மேல்தொட்டியில் இருப்பதுதான் தண்ணீர். செப்டிக் டேங்க்கைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

ஏர்பிஎன்பி இந்த இடத்தில் செய்திருக்கும் ஏற்பாடு உண்மையிலேயே உருப்படியானது. பதிவு செய்யும்போதே பெரியவர்கள், குழந்தைகள், கைக்குழந்தைகள் என்று தனித்தனியாகக் கணக்குக் கேட்கிறது. 2 வயதுக்குக் கீழே உள்ள கைக்குழந்தை மட்டும் மொத்த எண்ணிக்கையில் சேராது, 2 வயது நிரம்பிய பிள்ளை முழு ஆளாகவே கணக்கில் வரும். நம் வழக்கத்தில் "சின்னப் பிள்ளை" என்ற சொல்லுக்கு வயது வரம்பு கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனையும் பிள்ளைக் கணக்கில் சேர்த்து, "அவன் அம்மா கூடப் படுத்துக்கிடுவான்" என்று சொல்லிவிடுவார்கள். நாம் வாய்விட்டு மறுத்தால் பிள்ளைக்குக்கூடக் காசு கேட்கிற கஞ்சன் என்று பெயர் வரும். அதே மறுப்பைச் செயலி தன் திரையில் காட்டும்போது யாரும் கோபித்துக்கொள்வதில்லை. "ஆப்பில் எண்ணிக்கையைத் திருத்தி அனுப்புங்கள், ஏற்றுக்கொள்கிறேன், ஆறுக்கு மேல் அது எடுக்காது" என்று நான் எழுதும்போது, இல்லை என்று சொன்னவன் நானாக இருப்பதில்லை. பங்காளிகள் நேருக்கு நேர் பேச முடியாததைப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொடுப்பதைப் போல, முகதாட்சண்யத்தால் நம் வாயில் வராத சொல்லை அந்தச் செயலி நமக்காகச் சொல்லிவிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பயன்படுத்தலாம் என்பேன்.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வரும் ஒவ்வொருவருக்கும் கூடுதல் கட்டணம் வைக்கும் வசதியும் இருக்கிறது. நான்கு பேர்வரை ஒரு விலை, ஐந்தாவது, ஆறாவது ஆளுக்குத் தனி விலை என்று வைப்பது, ஆறு பேருக்கும் ஒரே விலை என்று வைப்பதைவிட நல்லது. ஆள் கூடினால் பணம் கூடும் என்று முதல் திரையிலேயே கண்ணில் படுகிறவருக்கு, ஏழாவது ஆளை இலவசமாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வாய் வருவதில்லை.

ஆனால் கணக்கில் இல்லாத ஐந்து பேர் வாசலில் வந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? விதிப்படி பார்த்தால், அனுமதியில்லாத ஆட்களைக் கொண்டுவருவது வீட்டு விதியை மீறுவது. தளத்தின் உதவி மையத்தை அழைத்துப் பதிவை ரத்து செய்யச் சொல்லலாம். மழை பெய்கிற ராத்திரி ஒன்பது மணிக்கு, பாட்டியும் பச்சைப்பிள்ளையுமாக வந்திருக்கும் குடும்பத்தை எந்த ஊர்க்காரர் வெளியே நிறுத்துவார்? வேறொரு நாட்டில் உட்கார்ந்து எழுதிய விதி இந்த இடத்தில் காகிதமாகவே நின்றுவிடுகிறது. ஆகவே வருகைக்கு மூன்று நாள் முன்பு தானாகவே போகும்படி ஒரு செய்தியைச் செயலியில் அமைத்து வைத்திருக்கிறேன்: வரும் அனைவரின் பெயர், பெரியவர்களின் அடையாள அட்டை, வண்டி எண், ஆறு பேருக்கு மேல் என்றால் பக்கத்து லாட்ஜில் அறை ஏற்பாடு செய்து தரப்படும் என்ற வரி. பெயரை எழுதச் சொல்லும் அந்தச் செய்திக்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பலருக்குத் தங்கள் சித்தப்பா குடும்பமும் வருகிறது என்பது நினைவுக்கு வரும். நேரம் குறித்து அனுப்பும் இந்தச் செய்தி வசதி தளத்தின் விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுவதில்லை. எனக்கு அதுதான் ஆகப் பயனுள்ள கருவி.

நேரத்துக்கு முன்பே அறை கேட்பது இன்னொரு வழக்கம். ஆம்னி பேருந்தில் வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே தென்காசியில் இறங்கிவிடுவார்கள். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வருகிறவர்கள் காலைப் பலகாரத்துக்குச் செங்கோட்டை வந்துவிடுவார்கள். முந்தின இரவு தங்கியவர்கள் பதினோரு மணிக்குத்தான் காலி செய்வார்கள் என்றால், "நாங்க ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்" என்பார்கள். இதை அநியாயக் கோரிக்கை என்று முழுதாகத் தள்ளவும் முடியாது, ராத்திரி முழுக்கப் பயணம் செய்தவருக்குக் குளிக்க ஓர் இடம் வேண்டும். வெளிக் குளியலறையைத் திறந்துவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டு அருவிக்குப் போகச் சொல்கிறேன். அறையே வேண்டும் என்கிறவருக்கு, முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்யும்படி எழுதிவிடுகிறேன். செயலியில் பதிவை மாற்றும் கோரிக்கையை அனுப்பினால் கூடுதல் தொகையை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். பேரம் அத்தோடு முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பதிவு உறுதியாகும்வரை தொலைபேசி எண்களைத் தளம் மறைத்துவிடுகிறது. உறுதியான பிறகு இருவருக்கும் எண் தெரிந்துவிடும். அதன்பின் வரும் கேட்பெல்லாம் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் வரும். போனில் பேசியது எதுவும் தளத்தின் கண்ணில் நடந்ததாகக் கணக்கில் வராது. ஆகவே போனை வைத்த கையோடு செயலியின் உரையாடலில், "நீங்கள் இப்போது போனில் கேட்டபடி கூடுதல் மெத்தை ஒன்று போடப்படும், இரவு விருந்துக்கு வெளியாட்களை அழைக்க இயலாது" என்று ஒரு வரி எழுதிவிடுவது நல்லது. இது அவநம்பிக்கையாகத் தோன்றலாம், ஆனால் மூன்று நாள் கழித்து, "அன்னைக்குச் சரின்னுதானே சொன்னீங்க" என்ற பேச்சு வரும்போது அந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

இனி குற்றாலத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை கொட்டினால் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டி விழும். குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் அப்படியே. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்த பிறகு, இந்தத் தடையில் யாரும் விளையாட முடியாது, விளையாடவும் கூடாது. மறுபக்கம், மழை பொய்த்துவிட்டால் பாறைதான் தெரியும். தடை என்றாலும் வறட்சி என்றாலும் வீட்டுக்காரருக்கு வரும் அழைப்பு ஒன்றுதான்: "அருவியே இல்லங்க, நாங்க எதுக்கு வரணும், பணத்தைத் திருப்பிக் குடுத்துருங்க." பாதி வழியில் ராஜபாளையத்தில் டீ குடிக்கும்போது தொலைக்காட்சியில் தடைச் செய்தியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே அழைக்கிறவர்களும் உண்டு.

இதில் ஏர்பிஎன்பியின் நிலைப்பாடு தெளிவானது, நியாயமானதும்கூட. பெரும் இடர்ப்பாடுகளுக்கான அதன் கொள்கை, இயற்கைப் பேரிடரோ அரசுத் தடையோ அந்த வீட்டில் தங்குவதையே முடியாததாகச் செய்யும்போது பணத்தைத் திருப்பித்தரச் சொல்கிறது. பார்க்க வந்த இடம் மூடியிருக்கிறது என்பது அதில் அடங்காது. மற்றபடி வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்து வைத்த ரத்து விதிதான் செல்லும். நெகிழ்வான விதியை வைத்திருந்தால் வருகைக்கு 24 மணி நேரம் முன்புவரையும், மிதமான விதியை வைத்திருந்தால் 5 நாள் முன்புவரையும் விருந்தினர் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். குற்றாலத்தில் நெகிழ்வான விதியை வைப்பது, மழையின் மனநிலைக்கு நம் வருமானத்தை எழுதிக்கொடுப்பதாகும். நான் மிதமான விதியை வைத்திருக்கிறேன். வீட்டைப் பற்றிய விவரத்தின் இரண்டாவது பத்தியிலேயே, அருவியில் தண்ணீர் வரத்தும் குளிக்க அனுமதியும் அன்றன்றைய நிலவரம், அதற்கும் வாடகைக்கும் தொடர்பில்லை என்று எழுதியும் இருக்கிறேன். இதை எழுதியதால் பதிவு குறைந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்தினார்கள். குறைந்தது பதிவு இல்லை, வம்புதான். தடை நாளில் வந்து மாட்டிக்கொண்டவர்களிடம் குண்டாறு அணைப் பக்கம் போய்வரச் சொல்வேன், திருமலைக்கோவிலுக்குப் போகச் சொல்வேன், இரவுக்கு பிரானூர் பார்டர் பரோட்டா இருக்கிறது. வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள செண்பகாதேவி அருவிக்கும் தேனருவிக்கும், "ஊர்க்காரரு நீங்க, ஏதாவது குறுக்கு வழி இருக்கும்லா" என்று கூட்டிப்போகச் சொல்கிறவர்களுக்கு மட்டும் நான் செயலியைத் தேடுவதில்லை. அதற்கு நேரடியாகவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரும்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநியாயக் கோரிக்கைகளுக்குப் பலம் கொடுப்பதே அதுதான். தங்கிச் சென்ற பிறகு இருதரப்பும் மதிப்புரை எழுத 14 நாள் அவகாசம். ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதி முடிக்கும்வரை, அல்லது அந்த 14 நாள் முடியும்வரை, யாரும் பார்க்க முடியாது. 2014இல் கொண்டுவந்த இந்த ஏற்பாடு பழிக்குப் பழி எழுதுவதைப் பெருமளவு தடுத்திருக்கிறது. இதைப் பாராட்டத்தான் வேண்டும். தூய்மை, விவரத்தின் துல்லியம், செக்-இன், தகவல் தொடர்பு, இடம், பணத்துக்கேற்ற மதிப்பு என்று ஆறு தலைப்புகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் கேட்கிறார்கள். ஆனால் மொத்த மதிப்பெண் இவற்றின் சராசரி இல்லை, விருந்தினர் தனியாகக் கொடுப்பது. ஆறிலும் ஐந்து கொடுத்துவிட்டு மொத்தத்தில் நாலு கொடுக்கலாம். நம் ஆட்களுக்கு நாலு என்பது நல்ல மதிப்பெண். பள்ளியில் எண்பது வாங்கிய மாதிரி மனம் குளிர்ந்துதான் கொடுக்கிறார்கள். தளமோ, சிறந்த வீட்டுக்காரர் என்று அது கொடுக்கும் சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்கு ஐந்துக்கு 4.8 சராசரி கேட்கிறது. விருந்தினர் பாராட்டாகக் கொடுக்கும் மதிப்பெண்ணே வீட்டுக்காரரை கீழே இறக்கிவிடும் இந்த அமைப்பை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முந்தின ஓராண்டுக் கணக்கை வைத்து இந்தத் தகுதியைச் சரிபார்க்கிறார்கள் என்பதால், ஜூன் முதல் ஆகஸ்டு வரை மட்டுமே நிறைந்து ஓடும் நம் ஊருக்கு அழுத்தமெல்லாம் அந்த ஒரு சீசன் மேலேயே விழுகிறது.

இந்த 4.8 விருந்தினருக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் கூடுதல் தலைவலி. செக்-அவுட் நேரத்தை மாலைவரை நீட்டித் தரச் சொல்லி, "அப்புறம் ரேட்டிங் போடணும்லா அண்ணே" என்று இழுப்பது வழக்கமாகிவிட்டது. இராத்திரி பத்து மணிக்கு டாஸ்மாக் அடைத்த பிறகு, எங்கேயாவது பாட்டில் வாங்கித்தரச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டுவிட்டு, அவர் மறுத்தால் அதே பேச்சைப் பேசுகிறவர்களும் உண்டு. மதிப்புரையைக் காட்டிப் பணமோ சலுகையோ கேட்பது தளத்தின் கொள்கைப்படி தவறு. அப்படி எழுதப்பட்ட மதிப்புரையை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வீட்டைச் சேதப்படுத்தியோ அனுமதியில்லாமல் கூட்டம் சேர்த்தோ விதியைக் கடுமையாக மீறியவர் பழிவாங்கும் எண்ணத்தில் எழுதியதற்கும் அதே வழி உண்டு. ஆனால் சான்று வேண்டும், சான்று என்றால் செயலிக்குள் நடந்த உரையாடல். ஆகவே இந்த மாதிரிப் பேச்சு வந்தால் கோபப்படாமல், "நீங்கள் கேட்ட நேர நீட்டிப்பு இன்று இயலாது, மாலையில் அடுத்த குடும்பம் வருகிறது" என்று பணிவாக உரையாடலில் எழுதிவிட்டு, அங்கேயே அவர் பதில் எழுதும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தளத்தை நம்பும் அளவுக்குக் கைபேசியில் தமிழில் தட்டச்சு செய்யவும் பழகியிருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். பார்த்துக்கொள்ளும் ஆளிடம் சாவியை மட்டும் கொடுத்துவிட்டுச் சென்னையில் இருக்கிற வீட்டுக்காரருக்கு இந்தப் பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது.

தவறான மதிப்புரைக்குக் கீழே நாம் பதில் எழுதவும் 30 நாள் அவகாசம் இருக்கிறது. அந்தப் பதிலைப் படிக்கப்போவது போனவர் இல்லை, வரப்போகிறவர். இரண்டு வரிக்கு மேல் எழுதினால் நம்மைத்தான் சண்டைக்காரர் என்று நினைப்பார்கள்.

எண்ணெய்க்கு வருவோம். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருப்பதால், வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஊறுகிறார்கள். மசாஜ் ஆளை வீட்டுக்கே வரவழைத்துத் தரச் சொல்லுவார்கள். அந்த ஆள் மெத்தையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார். விரிப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தளம் எதிர்பார்க்கிறது. குற்றாலத்தில் வெள்ளை விரிப்புப் போடுகிறவருக்கு வண்ணார் கடைக் கணக்கு தனி. ஜூலையில் துரியன் பழம் வந்துவிட்டால் அதை ஏசி அறைக்குள் உடைத்துத் தின்றுவிட்டு, வாடை போக ஊதுபத்தி கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தி வைக்கும்படி மூன்று இடத்தில் எழுதி ஒட்டியும் திறந்துபோட்டுவிட்டு, குரங்கு தூக்கிக்கொண்டு போன பொருளுக்கு நம்மிடம் ஈடு கேட்பதும் நடக்கும்.

ஏர்பிஎன்பியின் வீட்டு விதிப் படிவத்தில் புகைத்தல், செல்லப்பிராணி, விருந்துக் கூட்டம், அமைதி நேரம், வணிகப் படப்பிடிப்பு ஆகியவற்றுக்குத் தயாராகக் கட்டங்கள் இருக்கின்றன. எண்ணெய்க்கும் துரியனுக்கும் குரங்குக்கும் இல்லைதான். கூடுதல் விதிகள் என்ற இடத்தில் நாமே எழுதிக்கொள்ளலாம். நான் எழுதியிருப்பது மிகவும் எளிமையானது: எண்ணெய் தேய்ப்பது பின்திண்ணையில் மட்டும், பழைய விரிப்பும் பெஞ்சும் அங்கே உள்ளன, துரியன் பழம் முற்றத்தில் மட்டும், ஜன்னல் திறந்திருந்து குரங்கினால் ஏற்படும் இழப்புக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை. வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தபோது கேட்காதவர்கள், இங்கே செய்யுங்கள் என்று இடம் காட்டியதும் கேட்டார்கள்.

சேதத்துக்கு ஏர்கவர் என்ற பெயரில் 30 லட்சம் டாலர்வரை பாதுகாப்பு என்று தளம் சொல்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். விருந்தினர் காலி செய்த 14 நாளுக்குள் படம், பில் ஆகியவற்றோடு முதலில் விருந்தினரிடம் கேட்க வேண்டும்; 24 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். கதவை உடைத்தார்கள், டிவியைப் போட்டு உடைத்தார்கள் என்றால் இந்த முறை சரி. எண்ணெய்க் கறை பட்ட இரண்டு விரிப்புக்கும் ஒரு தலையணைக்கும் இத்தனை படிவம் நிரப்புவது வேலைக்காகாது. சிறு சேதத்துக்கென்று சுருக்கமான ஒரு வழி இல்லாதது இந்தச் சேவையின் குறை. அந்தச் செலவை நான் துப்புரவுக் கட்டணத்திலேயே ஏற்றிவிட்டேன்.

கண்காணிப்புக் கேமராவை வீட்டுக்குள் வைத்து ஆள் எண்ணலாம் என்று யோசிப்பவர்கள் அதை மறந்துவிடலாம். 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் எந்த இடத்திலும் கேமரா கூடாது என்று தளம் தடை செய்துவிட்டது. வாசலில் வைக்கலாம், ஆனால் அது இருப்பதை முன்கூட்டியே எழுத வேண்டும்.

விருந்தினர் கேட்பது மட்டும்தான் அநியாயமா என்பதையும் இந்த இடத்தில் பேசிவிட வேண்டும். "நீங்க என்ன ஆளுக?" என்று போனில் விசாரித்துவிட்டு அதற்குப் பிறகு வீடு காலியாக இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்கிற வீட்டுக்காரர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையைக் காட்டச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மதத்தையோ இனத்தையோ மணநிலையையோ காரணமாக வைத்து ஒருவரை மறுக்கக் கூடாது என்பது ஏர்பிஎன்பியின் கொள்கை. திருமணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கோயம்புத்தூர் சர்வீஸ் அபார்ட்மெண்ட் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் 2019 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அடையாள அட்டை கேட்பது வேறு, அது வேண்டும்; வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையத்தளத்தில் பதிந்தே ஆக வேண்டும். அதைத் தாண்டி ஜாதகம் கேட்க விரும்புகிறவர்கள் இந்தத் தளத்துக்கு வராமல் இருப்பதே இரு தரப்புக்கும் நல்லது.

வீட்டுக்காரரே பதிவை ரத்து செய்தால் அபராதம் உண்டு என்பதையும் புதிதாகச் சேர்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வருகைக்கு 30 நாளுக்கு மேல் இருந்தால் பதிவுத் தொகையில் 10 சதவீதம், 48 மணி நேரத்துக்குள் என்றால் 50 சதவீதம், இடைப்பட்ட காலத்துக்கு 25 சதவீதம். ஆனால் விருந்தினரே விதியை மீறப்போவதாக எழுத்தில் காட்டிக்கொண்டால், அதாவது பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு முப்பது பேர் வருவதாக உரையாடலில் எழுதிவிட்டால், அதைச் சான்றாகக் காட்டி அபராதமில்லாமல் ரத்து செய்யக் கேட்கலாம். "எந்த விசேஷத்துக்காக வருகிறீர்கள்?" என்று அன்பாகக் கேட்டு வைக்கும் ஒரு கேள்வி இதற்குப் போதும். ஓணம் விடுமுறைக்குக் கொல்லம், புனலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள் இந்தக் கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுவார்கள். மீன் பொரிக்க ஒரு சட்டி வேண்டும் என்பதோடு அவர்கள் கேட்பு பெரும்பாலும் முடிந்துவிடும். நம்மூர்க் கல்லூரி நண்பர்கள் குழுதான் "சும்மா ரிலாக்ஸ் பண்ண" என்று எழுதும். அந்தப் பதில் வந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்பது என் வழக்கம்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு முன்பதிவுத் தளத்திலும் வீட்டைப் போட்டிருந்தேன், பெயர் வேண்டாம். அங்கே பணம் வீட்டுக்கு வந்தபின் கொடுப்பதாக இருந்ததால், வாசலில் நின்றே விலை பேசத் தொடங்கினார்கள். ஆள் கூடுதலாக வந்ததைச் சொல்ல உதவி மையத்தை அழைத்தால், கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்று அவர்களே நமக்குச் சொன்னார்கள். ஏர்பிஎன்பியில் பணம் முன்பே தளத்திடம் போய்விடுவதால் வாசல் பேரம் அறவே இல்லை. நேராகப் பணம் தருகிறோம், பதிவை ரத்து செய்துவிட்டு விலையைக் குறையுங்கள் என்று அழைப்பவர்கள் உண்டு. அது தளத்தின் விதிக்கு விரோதம், நமக்கும் பாதுகாப்பு அத்தனையும் போய்விடும்.

கடைசியாக, படிவத்துக்குள் அடங்காத ஒரு கூட்டத்தைப் பற்றி. கார்த்திகை முதல் தை வரை ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகச் சபரிமலைக்குப் போகிறவர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போவது காலங்காலமாக நடப்பது. மாலை போட்டவர்கள் பத்துப் பேராக வருவார்கள். மெத்தையை எடுத்துவிடுங்கள், பாய் போதும் என்பார்கள். தனிப் பாத்திரத்தில் தாங்களே சமைப்பார்கள். நாலு மணிக்கு எழுந்து சரணம் விளிப்பார்கள். ஏர்பிஎன்பி படிவத்தில் பார்த்தால் இவர்கள் ஆள் எண்ணிக்கை விதி, அமைதி நேர விதி இரண்டையும் மீறுகிறவர்கள். என் கணக்கில் இவர்களைப் போலச் சுத்தமாக வீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் சீசனில்கூட இல்லை. இவர்களுக்காக நான் அந்த மாதங்களில் எண்ணிக்கையைப் பத்தாக உயர்த்தி, அமைதி நேரத்தை எடுத்துவிட்டு, அசைவமும் மதுவும் கூடாது என்ற விதியைச் சேர்த்து, பின்கொட்டகையில் விறகு அடுப்பு உண்டு என்று எழுதிவிடுகிறேன். பதிவு செய்த நேரத்தில் இருந்த விதிதான் அந்த விருந்தினரைக் கட்டும் என்பதால், இந்த மாற்றத்தைக் கார்த்திகை பிறந்த பிறகு செய்வதில் பயனில்லை. ஐப்பசி முதல் வாரத்திலேயே முடித்துவிட வேண்டும்.